மண்ணைத் தொட நாணும் கல்வி

உழவுத் தொழிலின் சிறப்பைப் பற்றிக் கட்டுரை வரைக என்று பணித்தால், தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் தயங்குவதில்லை. திருக்குறளில் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு என்பான். பசி தீர்க்கும் தொழிலே தலையாய தொழில் என்பான். மண்ணைத் தாயெனப் போற்றி முடிப்பான். ஆசிரியரும் மனமகிழ்ந்து புள்ளிகளை வாரி வழங்குவார். அதே மாணவனின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகைக் கீரை விதையை வைத்து, இதனை எவ்வளவு ஆழத்தில் விதைப்பது, எத்தனை நாளில் முளைக்கும் என்று கேட்டால் அவன் விழிப்பான். அவன் மட்டுமா? புள்ளி வழங்கியவரும் பல வேளைகளில் அவனோடு சேர்ந்து விழிப்பார்.

அறியாமை பெருங்குற்றமன்று, கற்றால் நீங்கிவிடும். ஆனால், அறியாமலிருப்பதையே முன்னேற்றத்தின் அடையாளமாகக் கொள்ளும் மனப்போக்கு எளிதில் நீங்குவதில்லை. பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானிலும், அதனை ஒட்டிய பழைய கிள்ளான் சாலை வட்டாரத்திலும் அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் பற்றியிருப்பது இம்மனப்போக்கே. இதனைக் கண்டித்துப் பேசவேண்டிய கடமை தமிழாசிரியர்க்கே முதலில் உண்டு. ஏனெனில், இதனை வளர்த்ததில் அவர்க்கும் பங்குண்டு.

‘தோட்டம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அச்சொல் கேட்ட அளவில் பூவும் காயும் கிணறும் நினைவுக்கு வரும். மலேசியத் தமிழர்க்கோ அது பால்மரக் காட்டையும் லயத்து வீட்டையும் கங்காணியின் அதட்டலையும் நினைவூட்டும். தோட்டத்தில் பிறந்தவன் என்பது இழிவு. தோட்டத்தை விட்டு வெளியேறியவன் என்பது உயர்வு. இந்தக் கணக்கில், தன் வாசலில் நாலு வெண்டைச் செடி வைப்பவன்கூடத் திரும்பிப் போகிறவனாகத் தோற்றமளிக்கிறான். அடிமைத்தனத்தை வெறுத்தது நியாயம். அந்த வெறுப்பில் மண்வெட்டியையும் சேர்த்து வீசியெறிந்தது நியாயமா?

லயத்து வாழ்வில் வெறுக்கத்தக்கவை பல இருந்தன. ஆயினும், லயத்தின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. வேலியில் அவரையும் பாகலும் படர்ந்தன. இவை தற்செயலாய் அமைந்தவை அல்ல. பிரிட்டிஷ் மலாயாவின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் பயிரிடுவதற்கென ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டுமென விதித்திருந்தது. அது கருணையால் வந்த சட்டமென்று எவரும் மயங்க வேண்டியதில்லை. தொழிலாளி தன் கறிக்குத் தானே பயிரிட்டுக்கொண்டால் குறைந்த கூலியில் அவனை நிறுத்தி வைக்கலாம் என்னும் கணக்கும் அதில் அடங்கியிருந்தது. சட்டத்தில் எழுதியதெல்லாம் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்ததுமில்லை. எனினும், ஓர் உண்மையை நோக்குக. ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. இன்றைய மலிவு விலை அடுக்குமாடி வீடொன்று சுவர், சமையலறை, குளியலறை அனைத்தும் சேர்த்து ஏறத்தாழ 700 சதுர அடிக்குள் அடங்கிவிடும். வெள்ளைக்காரன் கூலியின் கீரைக்கென ஏட்டில் எழுதிவைத்த நிலம், விடுதலை பெற்ற நாட்டின் நகர்ப்புறத் தொழிலாளி குடும்பத்தோடு வாழும் வீட்டைப்போல் நான்கு மடங்கு!

அந்த நிலம் எங்கே போயிற்று என்பதை வரலாறு கூறும். 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தின் மீதே பெட்டாலிங் ஜெயா நகரம் எழுந்தது. அடுத்தடுத்த பதின்ம ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாக மாறின. வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் கம்போங் மேடான் போன்ற புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒண்டின. அங்கும் பலகை வீட்டின் ஓரத்தில் ஒரு மிளகாய்ச் செடிக்கு இடமிருந்தது. பின்னர்த் தற்காலிகமென்று சொல்லப்பட்ட நீண்ட வீடுகள் வந்தன. தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2001 மார்ச் மாதம் கம்போங் மேடானில் மூண்ட இனமோதலில் ஆறு பேர் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் இந்தியர். நெருக்கமும் வறுமையும் அடிப்படை வசதியின்மையும் அப்போதுதான் நாட்டின் கண்ணுக்குப் பட்டன. 2005-ஆம் ஆண்டுக்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலமாவது என்று சிலாங்கூர் இலக்கு வகுத்தது. மக்கள் அடுக்குமாடிகளில் ஏற்றப்பட்டனர். கூரை கிடைத்தது; நன்று. ஆனால், மூன்று தலைமுறையாகக் காலடியில் இருந்த மண் அன்றோடு போயிற்று.

இந்நிலையில், அடுக்குமாடியில் காய்கறி பயிரிடலாம் என்றால் மூன்று மறுப்புகள் உடனே எழும். மூன்றையும் ஒவ்வொன்றாக எடைபோடுவது தகும்.

முதல் மறுப்பு, ‘நிலமில்லை’ என்பது. இது பாதி உண்மை. நடைவழிக் கைப்பிடிச் சுவரின் மேல் பூச்சட்டி வைப்பதைக் கட்டட நிர்வாகம் தடுப்பதும் நியாயமே. 2018 சனவரியில் அருகிலுள்ள பந்தாய் டாலத்தின் மக்கள் வீடமைப்புக் குடியிருப்பொன்றில், மேல்மாடியிலிருந்து வீசப்பட்ட நாற்காலி பதினைந்து வயது மாணவனின் உயிரைப் பறித்ததை இவ்வட்டாரம் மறந்துவிடவில்லை. பொது நடைவழியை அடைப்பதும் தவறு. ஆனால், துணி காயப்போடும் இடத்தில் தரையோடு தரையாக இரண்டு தொட்டிகள் வைக்க எவருடைய அனுமதி வேண்டும்? அந்த இரண்டு தொட்டிகளும் இல்லாத வீட்டில், நிலமில்லை என்னும் சொல் காரணமாக நிற்பதில்லை, சாக்காக நிற்கிறது.

இரண்டாம் மறுப்பு, ‘இரவுச் சந்தையில் இரண்டு வெள்ளிக்குக் கீரை கிடைக்கையில் இந்தப் பாடு எதற்கு?’ என்பது. 1974-இல் உலகமெங்கும் உணவு விலை ஏறியபோது, பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமை நூல் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றி உண்பொருள் பயிரிடுமாறு மக்களை வேண்டினார். விலை இறங்கியதும் நாடு அதனை மறந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, கேமரன் மலையில் விளைந்த காய்கறி வாங்குவாரின்றிக் குப்பையில் கொட்டப்பட்டது. நகரத்திலோ கடைகளின் காய்கறித் தட்டுகள் வெறுமையாயின. சந்தை என்பது சாலை திறந்திருக்கும் வரைதான் சந்தை. மேலும், நோயின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய காயும் கனியும் உண்பதில்லை எனக் கண்டது. நீரிழிவோ இந்தியர்களிடையேதான் மிகுதி. பத்துப் பேரில் மூவர்க்கு அந்நோய் உண்டு. ஒரு சட்டிக் கீரை நீரிழிவைத் தீர்க்காது. ஆயினும், தான் வளர்த்த கீரையைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் குழந்தை அரிது.

மூன்றாம் மறுப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அதனாலேயே அது வலியது. ‘மண்ணைக் கிளறாமல் இருக்கத்தானே பிள்ளையைப் படிக்க வைத்தோம்’ என்பதே அது. வெயிலில் பால்வெட்டிய தாயும், செம்பனைக் குலை சுமந்த தந்தையும் தம் மக்களுக்குக் கல்வியைத் தப்பிக்கும் வழியாகக் காட்டினர். அவர்களைக் குறைகூறுவது கொடுமை. ஆனால், அவர்கள் தப்பிக்க விரும்பியது எதிலிருந்து? அரைவயிற்றுக் கூலியிலிருந்து, மதிப்பற்ற வாழ்விலிருந்து, பிறர் மரத்திற்குத் தம் உழைப்பைக் கொட்டுவதிலிருந்து. தன் வாசலில் தன் குடும்பத்திற்கெனப் பயிரிடுவது இவற்றில் எதுவுமன்று. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் எடுத்துச் சொல்லவில்லையெனில் ஆசிரியராவது சொல்லியிருக்க வேண்டும். மாறாக, சரியாகப் படிக்காத மாணவனைப் பார்த்து ‘நீ மண்வெட்டத்தான் போகிறாய்’ என்று ஏசிய வாயே, அடுத்த பாடவேளையில் உழவின் மேன்மையை ஓதியது. மாணவர்கள் இரண்டில் எது உண்மையான பாடம் என்பதைப் பிழையின்றிப் புரிந்துகொண்டார்கள்.

இனி, தொடங்குவது எப்படி என்பதைப் பார்க்கலாம். பயிர்த்தொழிலில் புதியவர் பெரும்பாலும் சோம்பலால் தோற்பதில்லை, பேராசையால் தோற்கிறார். ஒரே நாளில் பத்துவகை விதை வாங்கி, தொட்டி நிறைய இறைத்து, காலையும் மாலையும் குளிப்பாட்டிக் கொன்றுவிடுகிறார். அவர் தொடங்க வேண்டியது தண்டுக்கீரையில். பழைய வாளி ஒன்றின் அடியில் துளைகள் இட்டு, செம்மண்ணும் மட்கிய உரமும் சமமாகக் கலந்து நிரப்ப வேண்டும். நுண்ணிய விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண்போர்வை இட்டால் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும். நெருக்கத்தைக் கலைத்துவிட்டால் ஏறத்தாழ நான்கு வாரத்தில் கறிக்கு ஆகும். கங்கோங் விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் அதுவும் அதே காலத்தில் பயன்தரும். பசலைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விதையே வேண்டா. அண்டை வீட்டில் ஒடித்த தண்டு போதும். கீரை பழகிய பின்னரே வெண்டை. அது காய்க்க ஒன்றரை மாதம் பிடிக்கும். மிளகாய்க்கு மேலும் பொறுமை வேண்டும்.

கீரைக்கு நாலு மணிநேர வெயில் போதும். காய்க்கும் செடிக்கு ஆறு மணிநேரமேனும் தேவை. ஆகவே, தன் வீடு கிழக்கு நோக்கியதா மேற்கு நோக்கியதா என்பதை அறிவதே அடுக்குமாடித் தோட்டக்காரரின் முதற்பாடம். நீர் ஊற்றுமுன் மண்ணில் விரலை நுழைத்துப் பார்க்க வேண்டும், ஈரமிருந்தால் ஊற்றலாகாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடிமழை விதையையும் உரத்தையும் ஒருசேர அடித்துச் செல்லும். முளைக்கும் வரை மறைப்பு வேண்டும். யாவற்றிலும் முதன்மையானது ஒன்று: தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கலாகாது. ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். கொசு பெருக இடங்கொடுப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, டிங்கிக் காய்ச்சல் முதலில் தாக்குவது சொந்த வீட்டையும் அடுத்த வீட்டையுமே. தட்டில் மணல் நிரப்புக. அல்லது தட்டையே அகற்றுக.

இவ்வளவுதான் அடிப்படை. இதைக் கற்பிக்கத் தனிப்பாடம் வேண்டியதில்லை. இருபத்தெட்டு நாள் ஒரு கீரைச் சட்டியைப் பேணி, நாள்தோறும் கண்டதை நாலு வரியில் எழுதிவரும் மாணவனுக்கு மொழிப்பாடமும் அறிவியலும் கணிதமும் ஒன்றாகக் கிட்டும். விதை, முளை, நாற்று, தளிர், கொழுந்து, பிஞ்சு என்னும் சொற்களைத் தேர்வுக்கு மனனம் செய்தவனுக்கும், கண்ணால் கண்டு எழுதியவனுக்கும் உள்ள வேற்றுமை கட்டுரையின் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். உழவைப் பற்றிய கட்டுரைக்குப் புள்ளியிடும் முன், எழுதியவன் எதையேனும் முளைக்க வைத்தானா என்று தமிழாசிரியர் கேட்கத் தொடங்கட்டும்.

இரண்டு தொட்டியோடு மனநிறைவு கொள்ள வேண்டும் என்பதும் இதற்குப் பொருளன்று. தமிழக அரசு 2013-இல் தொடங்கிச் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்திற்கு விதையும் பைகளும் தென்னைநார்த் தூளும் மானிய விலையில் வழங்கியது. சிங்கப்பூர் 2005 முதல் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலேயே சமூகத் தோட்டங்களை வளர்த்து வருகிறது. கோலாலம்பூரின் பங்சாரில் மின்கம்பி செல்லும் ஒதுக்கு நிலம் 2017 முதல் சமூகத் தோட்டமாகியிருக்கிறது. வசதி படைத்தோர் வாழும் பங்சாரில் ஆவது கம்போங் மேடானில் ஆகாதா? வாகன நிறுத்தத்திற்கு இடம் ஒதுக்கும் வீடமைப்புத் திட்டம், வாழ்வோர்க்கு ஒரு பாத்தி ஒதுக்க ஏன் மறக்கிறது? இதனைப் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்திடமும் மாநில அரசிடமும் உரிமையாகக் கேட்க வேண்டும். ஆனால், கேட்கிறவர் கையில் மண் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு தொட்டியைக்கூடப் பேணாதவர் கேட்கும் நிலம், பெறப்பட்ட மறுமாதமே புல்மண்டிக் கிடக்கும். அடுத்த முறை கேட்பார்க்கு அதுவே மறுப்புக்குச் சான்றாகக் காட்டப்படும்.

2001-இன் துயரம் கீரைப் பாத்தி இல்லாததால் நிகழவில்லை. அவ்வாறு கூறுவது மாண்டோரை இகழ்வதாகும். ஆயினும், நெருங்கி வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்தோர்க்கு ஒன்றாக நின்று பேசும் இடம் வேண்டும் என்பதை அந்நாட்கள் கற்பித்தன. மலாய்க்காரப் பெண் பாயாம் என்பதையே தமிழ்ப்பெண் தண்டுக்கீரை என்கிறாள். ஒருத்தியின் செடியில் பூச்சி விழுந்தால் நாளை மற்றவள் செடியிலும் விழும். அந்த அக்கறையில் தொடங்கும் பேச்சுக்கு மேடையும் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா.

பாட்டிமார் சிலர் இன்னும் அந்த அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். எந்தத் தண்டு எந்தப் பதத்தில் வேர்விடும், பாகலை எப்போது பந்தலேற்றுவது என்னும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. அது எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. பெயரன் கேட்டால் சொல்வார்கள்; கேட்காவிட்டால் அவர்களோடு போய்விடும். அவனைக் கேட்கச் சொல்லி வீட்டிற்கு அனுப்ப ஆசிரியர்க்கு ஒரு நாள் வீட்டுப்பாடம் போதும்.