கலத்தினின்று புறப்படும் சிறுகலம்

உயிர்க்கலங்கள் தம்முள்ளிருந்து மிகச்சிறிய பைகளை வெளியே அனுப்புகின்றன என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எமக்குக் கூறி, "இவற்றுக்குத் தமிழ்ச்சொல் யாது, ஐயா?" என வினவினான். யாம் அகராதியைப் புரட்டி, நாவிற் புரளாத நெடுஞ்சொல் ஒன்றை ஆக்கிக் கொடுத்தோம். மறுநாள் அவன் அதனை மறந்திருந்தான். பிழை அவனதன்று, பொருளை அறியாது பெயரிட்ட எம்மதே.

ஆதலின் பொருளை அறிய முற்பட்டோம். 1967இல் பீற்றர் வுல்ஃப் என்பார், குருதிச் சிறுதட்டுகளினின்று உதிரும் நுண்துகள்களை ஆராய்ந்து, அவற்றைச் 'சிறுதட்டுத் தூசி' என்றார். இத்தகைய பைகள் புரதங்களையும் ஆர்.என்.ஏ.யையும் ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து செல்வன என்பது பின்னரே தெளிவாயிற்று. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கின் அவற்றுள் ஒரு கூறே பல பைகளின் பருமன்!

இவற்றைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. குருதியில் இவற்றையொத்த பருமனுடைய கொழுப்புப்புரதத் துகள்கள் மலிந்துள்ளன. மிகுவேகச் சுழற்பொறியிற் பல மணிநேரம் சுழற்றினும் இரண்டும் முற்றப் பிரிவதில்லை. பைகள் சிதைதலும் திரளுதலும் உண்டு. எனவே மின்னின் துணையை நாடுகின்றனர். மின்புலத்தில் துகள்களைப் பிரிக்கும் ஆய்வுக்காக ரிசேலியசு 1948இல் நோபெல் பரிசு பெற்றார். அம்முறையை மயிர்போன்ற நுண்குழாயில் இயற்றலாம் என்பதை யோர்கென்சனும் லூக்காச்சும் 1981இற் சிறப்புறக் காட்டினர். குழாயின் இருமுனைக்கிடையே பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் கொடுக்க, உள்ளிருக்கும் கரைசல் முழுவதும் எதிர்மின்முனை நோக்கி ஓடும். எதிர்மின்னேற்றமுடைய பைகளோ நேர்மின்முனைக்குச் செல்ல முயலும். பெருகிவரும் மகாவலியில் எதிர்நீச்சலிடுவோன் கீழ்நோக்கியே அள்ளப்படினும், மற்றையோர்க்குப் பிந்தியே கரைசேர்வான் அன்றோ? அப்பிந்துதலின் அளவு துகளுக்குத் துகள் வேறுபடும். அதுவே அவற்றைப் பிரிக்கின்றது. மாதிரி ஒரு துளியிலும் மிகச் சிறிதே போதும். பைகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளுதலே பெரிய இடர். அதனைத் தவிர்க்கச் சுவருக்குப் பூச்சிடுவர்.

இவ்வாற்றுவமையைக் கேட்ட மாணவன், "அப்படியாயின் கலப்புறப் பை எனலாமே" என்றான். எம் நெடுஞ்சொல்லினும் அது நன்று. தமிழகத்தார் 'செல்' என்றும் 'உயிரணு' என்றும் வழங்க, ஈழத்துப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. மட்கலமும் கலம், மரக்கலமும் கலம். சரக்கேற்றிச் செல்லும் இப்பைக்கு அதனினும் பொருத்தமான வேர் யாண்டுளது? 'எக்சோசோம்' என்றே எழுதுவாரோடும் எமக்கு வழக்கில்லை. பொருள் விளங்கினாற் போதும்.

கண்டியில் தமிழிற் பயின்ற நம் பிள்ளைகள், சில மைல் தொலைவிலுள்ள பேராதனை மருத்துவ பீடத்துள் நுழைந்ததும் ஆங்கிலத்தில் கற்கின்றனர். அதனை யாம் குறைகூறோம். ஆயின் அவர்கள் மருத்துவராகித் தோட்டத்துத் தாயொருத்தியிடம் சிறுநீர் மாதிரி கேட்கும் நாள் வரும். சிறுநீரக நோயை அறிதற்குச் சிறுநீரிலுள்ள இப்பைகளையும் இன்று ஆராய்கின்றனர். எதற்காகக் கேட்கின்றோம் என்பதை அவளுக்கு எம்மொழியிற் சொல்வது? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கரான கிறீன் வைத்தியர் தமிழிலே மருத்துவம் கற்பித்து நூல்களும் ஆக்கினார். தமிழையே தாய்மொழியாகவுடைய நாம் 'சொல் இல்லை' எனக் கைவிரித்தல் நாணத்தக்கது.

ஆய்கூடங்களிற் பணிபுரியும் பழைய மாணவர்காள்! ஒரு பிற்பகல் கல்லூரிக்கு வந்து, நீங்கள் செய்வதைத் தமிழிலே மாணவர்க்குச் சொல்லுங்கள். சொல் தடைப்படுமிடத்து உதவ யாமும் கரும்பலகையருகே நிற்போம். அகராதியை இம்முறை எடுத்து வாரோம்.