அடி வாங்கித்தான் ஆளானோமா?

மட்டக்களப்பில் ஏதாவதொரு பாடசாலையின் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒலிவாங்கியைப் பிடிப்பவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டார்: "அந்தக் காலத்தில சேர்மார் அடிச்ச அடியாலதான் நாங்க இண்டைக்கு இப்படி நிக்கிறம்." மண்டபம் கைதட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அடுத்தது பொன்னாடை.

அந்த மண்டபத்தில் இல்லாதவர்களின் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அதே வகுப்பில், அதே பிரம்பால், இவர்களைவிடக் கூடுதலாக அடிபட்டவர்கள் அவர்கள். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னாமுனையில் வாவிக்குத் தோணி தள்ளப் போனவன், ஏறாவூரில் கடைக்கு நின்றவன், வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்கு விமானம் ஏறியவள். சங்கம் இவர்களை அழைப்பதில்லை, அழைத்தாலும் வரமாட்டார்கள். பிழைத்த நோயாளிகளை மட்டும் எண்ணிப் பார்த்து மருந்தைப் புகழ்வதைப் போலத்தான் நாங்கள் பிரம்பைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். டொக்டரும் இன்ஜினியரும் ஆனவர்கள் அடியால் ஆனார்களா, அடியையும் மீறி ஆனார்களா என்று ஒருவராவது கேட்டதுண்டா?

பெற்றோரின் பங்கு இதைவிட மோசம். பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன் அதிபரின் மேசைக்கு முன்னால் நின்று, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எங்கயும் அடிங்க சேர்" என்று தானாகவே அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறார். அதைப் பணிவென்று நினைக்கிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவர் யோசிப்பதில்லை.

2017 பெப்ரவரியில் மாத்தறை மாவட்டத்தின் புஹுல்வெல்ல மத்திய கல்லூரியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கண்ணை ஆசிரியர் தொடவில்லை. அறை காதில் விழுந்தது. அந்தக் காதின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. குடும்பம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2021 பெப்ரவரி 12ஆம் திகதி நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்திலிருந்து 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 11ஆம் உறுப்புரை எதைப் பற்றியது என்று எங்கள் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுக்கும் உறுப்புரை அது. தடுப்பு முகாம்களையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் எதிர்த்து வழக்காடியபோது நாங்கள் கையில் எடுத்த அதே உறுப்புரை. பொலிஸ் நிலையத்தில் நடந்தால் அநியாயம், வகுப்பறையில் நடந்தால் ஒழுக்கம் என்று எப்படிப் பிரிக்கிறோம்? 1995இலேயே இன்னொரு மாணவனின் வழக்கில் உயர் நீதிமன்றம் அடியை இந்த உறுப்புரையின் கீழ் கொண்டுவந்துவிட்டது.

"அடிப்பது எங்கள் பண்பாடு" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஆசிரியர் மாணவனைப் பிரம்பால் அடிப்பது சட்டவிரோதப் பலப்பிரயோகம் ஆகாது என்று உதாரணம் காட்டி எழுதிவைத்தது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, எழுதியவர்கள் ஆங்கிலேயர். அவர்களே 1986இல் சட்டம் இயற்றித் தங்கள் அரச பாடசாலைகளில் பிரம்பை நிறுத்திவிட்டார்கள். லண்டனில் அடி படாமலே படித்துப் பட்டம் பெற்ற மருமக்களின் படங்களை வீட்டுச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு, இங்கே இருக்கிற பிள்ளைக்கு மட்டும் அடி இல்லாமல் படிப்பு ஏறாது என்கிறோம்.

இலங்கைக் கல்வி அமைச்சு 2005இல் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் உடல் தண்டனையைத் தடை செய்தது. சுற்றறிக்கை கோப்பில் இருக்கிறது, பிரம்பு மேசையில் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 2017இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 80 சதவீத மாணவர்கள் உடல் தண்டனைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள்.

அடியால் உண்டாகும் காயத்தைவிட அது கற்றுக்கொடுக்கும் பாடத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பெரியவர் ஒருவர் உன் உடம்பில் கை வைத்தால் வாய் திறக்காதே, வீட்டில் சொன்னால் அங்கேயும் அடி விழும்: ஆறு வயதிலிருந்து பிள்ளை படிப்பது இதைத்தான். இடைவேளையில் சாப்பாட்டைப் பறிக்கும் மூத்த பொடியனும், தனியே கூப்பிட்டுத் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறவனும் நம்பியிருப்பது இந்தப் பாடத்தையே. அவர்களுக்காகப் பிள்ளையை நாங்களே பழக்கிக் கொடுக்கிறோம். தாய் வெளிநாட்டில், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? தன்னாமுனை போன்ற சின்ன ஊர்களில் ஆசிரியரும் பெற்றோரும் ஒரே கோயிலில் பூசை காண்பவர்கள். முறைப்பாடு செய்தால் "சேரையே காட்டிக்குடுத்த குடும்பம்" என்ற பெயர் வந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் பகிடிவதை என்றதும் பதறுகிறோம். 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால் இறந்த பிறகு, பகிடிவதையைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்கிறவன் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ பேராதனைக்கோ போன பிறகா அதைக் கற்கிறான்? மூத்தவன் இளையவனை முழங்காலில் நிறுத்தலாம் என்பதை அவன் பாடசாலையில் பார்த்துப் படித்துவிட்டுத்தான் போகிறான்.

ஆசிரியர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஒரு வகுப்பில் நாற்பது பேர், பெறுபேறு குறைந்தால் வலயக் கல்வி அலுவலகத்தின் கேள்வி, ஆலோசனை வழிகாட்டலுக்கு ஆள் இல்லை, போதாததற்கு ஊருக்குள் ஐஸ் போதைப்பொருள். இவ்வளவையும் அவர்கள் தலையில் சுமத்திவிட்டுப் பிரம்பை மட்டும் பிடுங்குவது நேர்மையில்லை. ஆனால் போதைக்குப் பழகும் பிள்ளை முதலில் ஒளிவது அடிக்கிற ஆசிரியரிடம் இருந்துதான் என்பதையும் அவர்கள் அறிவார்கள். நுழைவாயில் வளைவுக்கு இலட்சக்கணக்கில் பணம் சேர்க்கும் பழைய மாணவர் சங்கங்கள், பிள்ளைகளோடு பேசப் பயிற்சி பெற்ற ஓர் ஆளுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. சத்துருக்கொண்டான் தன்னாமுனைக்கு அயல் ஊர். 1990 செப்டம்பரில் அங்கே நடந்த படுகொலையின் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள்தான் இன்றைய பெற்றோரும் ஆசிரியரும். பலமுள்ளவன் அடிப்பான், மற்றவன் வாங்குவான் என்பதைக் கண்முன்னே கண்டு வளர்ந்த தலைமுறை அது. அதற்காக அவர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அதையே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க அனுமதி இல்லை.

பெற்றோருக்கு: பிள்ளை அடிபட்டு வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் பதிவு செய்யுங்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் அலுவலகம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று காத்திருக்கும் நாட்களும் அந்த ஒரு மாதத்தில்தான் கழியும்.