ஆயுதச் சாலையில் பாகப்பிரிவினை

பன்னிரண்டே மாதங்களில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறத்தாழப் பாதிதான். எதிரே ரஷ்யப் பீரங்கிகள் ஓயாமல் முழங்க, உக்ரைன் வீரர்கள் எண்ணி எண்ணிச் சுட்டார்கள். 27 நாடுகள், நூறாண்டு கடந்த ஆயுத நிறுவனங்கள், தேர்ந்த பொறியாளர்கள் எல்லாம் இருந்தும் குண்டு போதவில்லை.

ஏன் என்பதற்கான விடை, இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ டிராகி 2024 செப்டம்பரில் தந்த அறிக்கையில் இருக்கிறது. 155 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவில் மட்டும் ஐரோப்பிய நாடுகள் உக்ரைனுக்கு அனுப்பியவை 10 வகைப் பீரங்கிகள். குழாயின் விட்டம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குச் சரியான குண்டும் வெடிமருந்தும் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்திவிடும் என்ற உறுதி இல்லை. உதிரி பாகங்களோ முற்றிலும் வேறு. டாங்கியிலும் இதே கதைதான்: ஐரோப்பாவில் 12 வகை, அமெரிக்காவில் ஒன்று. ஆளுக்கொரு மாதிரி என்றால் ஆர்டர் சிறுக்கும், விலை ஏறும், கைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். அவசரம் வந்ததும் நாடுகள் வெளியே ஓடின. 2022 ஜூன் முதல் ஓராண்டில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் செய்த கொள்முதலில் 78 சதவீதம் வெளிநாடுகளுக்கும், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கும் போனது என்பது டிராகியின் கணக்கு.

சேர்ந்து செய்தால் தீர்ந்துவிடுமா? எப்படிச் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஏ400எம் ராணுவச் சரக்கு விமானத்துக்கு 2003-இல் ஏழு நாடுகள் கைகோத்தன. கனடா எஞ்சின் மலிவாகக் கிடைத்தபோதும், வேலை ஐரோப்பாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான்கு நாட்டு நிறுவனங்களின் கூட்டணியிடம் புதிய எஞ்சின் கேட்டார்கள். சொத்தைப் பாகம் பிரிப்பதுபோல் வேலையைப் பிரித்துக்கொண்டதன் பலன், எஞ்சினின் கட்டுப்பாட்டு மென்பொருளே பெரும் தாமதத்துக்குக் காரணமானது. 2009-இல் தொடங்க வேண்டிய ஒப்படைப்பு 2013-இல்தான் தொடங்கியது. இடையில் அரசுகள் மேலும் 350 கோடி யூரோ தர நேர்ந்தது. அது மக்களின் வரிப்பணம்.

நம்பிக்கை தரும் உதாரணமும் அதே கண்டத்தில் இருக்கிறது. 2001-இல் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி ஏவுகணை நிறுவனங்களை இணைத்து எம்பிடிஏ உருவானது. பின்னர் ஜெர்மனிப் பிரிவும் சேர்ந்தது. இங்கே பிரிட்டனும் பிரான்ஸும் துணிந்து ஒன்றைச் செய்தன. சில தொழில்நுட்பங்களைத் தம் மண்ணில் கைவிட்டு, அவற்றுக்கு மற்ற நாட்டையே நம்பியிருக்க ஒப்பந்தம் போட்டன. ஏவுகணையின் கணினி பிரான்ஸில், தகவல் இணைப்புக் கருவி பிரிட்டனில் என்று வேலை திறமையைப் பார்த்துப் பிரிந்தது. பாதுகாப்பு விஷயத்தில் அண்டை நாட்டைச் சார்ந்திருக்கச் சம்மதிப்பது எளிதல்ல; எந்த நிதி ஒதுக்கீட்டையும்விடப் பெரிய முடிவு அது. 2023-இல் உக்ரைனுக்குப் பிரிட்டன் கொடுத்த 'ஸ்டார்ம் ஷேடோ', பிரான்ஸ் கொடுத்த 'ஸ்கால்ப்' இரண்டும் பெயரில் மட்டுமே வேறான ஒரே எம்பிடிஏ ஏவுகணை. ஆறு நாடுகள் சேர்ந்து உருவாக்கிய 'மீட்டியோர்' இன்று இந்திய விமானப்படையின் ரஃபேலிலும் இருக்கிறது. உலகச் சந்தையில் போட்டியிடும் வலிமை இப்படித்தான் வந்தது.

இப்போது பணத்துக்குக் குறைவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சேஃப்' ஆயுதக் கொள்முதல் திட்டத்தில் 15,000 கோடி யூரோ கடனுக்கு 2025 மே மாதம் ஒப்புதல் கிடைத்தது. கூட்டுக் கொள்முதலை ஊக்குவிப்பதும், பாகங்களின் மதிப்பில் 35 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வரக்கூடாது என்பதும் அதன் விதிகள். விதிகள் நியாயமானவை. ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பிரிட்டனைச் சேர்க்க நடந்த பேச்சு, நுழைவுத் தொகையில் சிக்கி அதே ஆண்டு நவம்பரில் முறிந்தது. ஐரோப்பாவின் வெற்றிகரமான ஏவுகணை நிறுவனத்தில் பாதி மூளை இருக்கும் நாட்டைத் தொகைத் தகராறில் வாசலில் நிறுத்துவது பெருந்தவறு. பிரஸ்ஸல்ஸ் தொகையைக் குறைக்க வேண்டும். லண்டனும் ஒரு நியாயமான பங்கைத் தர முன்வர வேண்டும். கூடவே, கடன் வாங்கும் நாடுகள் ஒரே மாதிரிப் பீரங்கியையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தக்கூடிய குண்டையும் வாங்குவதைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். இல்லாவிட்டால் 15,000 கோடி யூரோவும் பதினோராவது வகைப் பீரங்கிக்கே வழி செய்யும்.