கோடாலியைத் தீட்டத் தெரியுமா பாஸ்?

பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்புக்கு வருகிறவர்கள் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. மரம் வெட்ட ஆறு மணி நேரம் கொடுத்தால், அதில் நாலு மணி நேரம் கோடாலியைத் தீட்டுவேன்னு ஆப்ரஹாம் லிங்கன் சொன்னாராம். அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது என்பது தனிக்கதை. நாமும் கைதட்டிட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடுவோம். 'எப்படி சார் தீட்டுறது?'ன்னு யாராவது கேட்டிருக்கோமா?

நானும் கேட்டதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. சில நாள் கழித்து, பட்டுக்கோட்டைப் பக்கம் நண்பனின் தோப்பில் சாய்ந்து கிடந்த தென்னைகளை அப்புறப்படுத்தப் போனோம். ஹீரோ மாதிரி கோடாலியைத் தூக்கி ஓங்கினேன். அது மரத்தில் இறங்காமல் வழுக்கி வந்து என் பேன்ட்டைக் கிழித்தது. இன்னும் ஓர் அங்குலம் உள்ளே வந்திருந்தால் முழங்கால் எலும்பு!

நண்பனின் தாத்தா ஓடிவந்து கோடாலியைப் பிடுங்கினார். "தம்பி, கூரான கோடாலி மரத்தை வெட்டும். மொண்ணைக் கோடாலிதான் ஆளை வெட்டும்" என்றார். அன்று அரை மணி நேரத்தில் அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை, அப்புறம் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்றேன்.

தேவையானவை: பிடி போட்ட தட்டை அரம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்க சாணைக்கல் (ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ்), கெட்டியான தோல் கையுறை, மார்க்கர் பேனா. அவ்வளவுதான்.

முதலில் கோடாலித் தலை ஆடுதான்னு பாருங்க. ஆடினால் ஆப்பு அடித்து இறுக்காமல் எந்த வேலையும் வேண்டாம். தண்ணீரில் ஊறப்போட்டால் காம்பு உப்பி இறுகும். ஆனால், காய்ந்ததும் பழையபடி ஆடும்.

அடுத்து, வெட்டுவாய் வெளியே நீட்டியிருக்கும்படி தலையை மேசை விளிம்பில் வைத்து, சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்க. வாய் ஓரத்தில் மார்க்கரால் கோடு போடுங்க. அரத்தை வாயிலிருந்து கோடாலியின் உடம்பை நோக்கித் தள்ளணும். அரம் தள்ளும்போதுதான் ராவும். திரும்ப இழுக்கும்போது தூக்கிடுங்க, இல்லைன்னா அதன் பல் மழுங்கும். மார்க்கர் மை எங்கே அழியுதுன்னு கவனிங்க. ஓரம் வரை சீராக அழிந்தால் கோணம் சரி. பக்கத்துக்கு சுமார் 15 டிகிரி, ரெண்டும் சேர்ந்து 30 இருந்தால் போதும். பிளேடு மாதிரி ஒல்லியாக்கினால் மரக்கணுவில் பட்டதும் பெயர்ந்துடும்.

கொஞ்ச நேரத்தில் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலை உடம்பிலிருந்து வாயை நோக்கி வெளிப்புறமாக வருடினால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிடாதீங்க! பிசிறு முழு நீளத்துக்கும் வந்ததும் கோடாலியைத் திருப்பிப் போட்டு, அதே அளவு ராவுங்க.

இனி சாணைக்கல். தண்ணீர் தெளித்து, முதலில் சொரசொரப்பு, பிறகு நைஸ் பக்கத்தால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் பிசிறு போய்விடும். கடைசியா பழைய தோல் பெல்ட்டில் வாய்க்கு எதிர்த்திசையில் நாலு இழுப்பு. வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பாருங்க. ஓரத்தில் எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால், அந்த இடம் இன்னும் மொண்ணை.

'எதுக்கு இவ்வளவு கஷ்டம், கிரைண்டிங் மெஷின்ல ரெண்டு நிமிஷ வேலை'ங்கிறீங்களா? பொறி பறக்கும்போது மெல்லிய ஓரம் சூடேறி நீலம் பூத்தால், இரும்பின் பதம் போச்சு. அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. அரத்தில் அந்த ஆபத்து இல்லை.

வேலை முடிந்ததும் எண்ணெய் தடவி, வாய்க்கு உறை போட்டு வைங்க. வெட்டும்போது காலை அகட்டி நில்லுங்க. எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

அந்தக் கிழிந்த பேன்ட்டை இன்னும் வச்சிருக்கேன். அடுத்த தடவை யாராவது லிங்கன் கதையை எடுத்தால், கைதட்டும் முன்னாடி கையைத் தூக்குங்க. "சார், அரம் எந்தப் பக்கம் தள்ளணும்?"