பொற்கையும் இரும்புக்காலும்

கையிழத்தல் கொடிதோ, காலிழத்தல் கொடிதோ என எம் பண்டித வகுப்பு மாணவர் இருவர் வழக்காடித் தீர்ப்பை என்னிடம் விட்டனர்.

யான் கையின் பக்கமே சாய்ந்தேன். இருக்கு வேதத்து விச்பலை, போரிற் காலிழந்தும் அசுவினிதேவர் அளித்த இரும்புக்காலால் இயங்கினாள். தன் கையைத் தானே தறித்த பாண்டியனுக்குப் பொற்கை வாய்த்தது; அது எழுத்தாணி பிடித்ததாக யான் கற்ற நூல்களில் இல்லை. இன்றும் அதுவே நிலை. 1968இல் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக்கால் சேற்றிலும் நடக்கும். நம் நாட்டுப் போரிற் காலிழந்தோர் பலர் அதனையே அணிந்து வயலுக்கு மீண்டனர். மாற்றுக்கையோ பிள்ளையின் நெற்றிச்சூட்டை அறியாது.

இவ்வாறு யான் சொல்லிக்கொண்டிருக்கையில், பின்வாங்கிலிருந்து வலக்கையிழந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, நான் இடக்கையால் எழுதப் பழகிவிட்டேன். என் தமையனாருக்குக் காலில்லை. இவ்வகுப்பு மேல்மாடியில் நடப்பதால் அவர் படிப்பையே விட்டுவிட்டார்" என்றான்.

வலுவிழந்தோர் உரிமை காக்கும் சட்டம் இந்நாட்டில் 1996இலேயே நிறைவேறியது. எங்கள் படிக்கட்டு அதனைப் படித்ததில்லைப் போலும்!

தீர்ப்பை ஒத்திவைத்தேன். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருமாறு அன்றே விண்ணப்பம் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வரும்வரை மாமர நிழலிற் பாடம் நடத்துகின்றேன், தமையனாரும் வருகின்றார்.