பாத்திரமும் அதன் பேச்சும்

மாணவர்தம் சிறுகதைகளை ஆண்டுதோறும் படித்து வருகிறோம். அவற்றில் வரும் முஸ்லிம் பாத்திரம் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசும். இல்லையேல் குறையே இல்லாத உத்தமராய் அறிவுரை வழங்கும். எழுதியவரோ வாப்பாவோடும் உம்மாவோடும் நல்ல தமிழ் பேசி வளர்ந்தவர்! தம் வீட்டு மனிதரை விடுத்துத் திரைப்படப் பொம்மையை நம்பிவிட்டாரே என்பதே எம் வருத்தம்.

1988இல் நூலாக வந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை நோக்குக. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரை அடக்கி ஆள்பவர், கொடுமைக்கு அஞ்சாதவர். அவர் செய்வது தவறென்று நமக்குத் தெரியும். அவருக்கோ அது குடும்ப மானம். அந்த நியாயத்தை ஆசிரியர் அவரிடமிருந்து பறிக்கவில்லை. ஆதலின் பெருமை சரியச் சரிய அவர் படும் பாடு நம்மையும் தொடுகிறது. குமரிக் கடற்கரையின் மலையாளம் கலந்த பேச்சோ (முதல் வாசிப்பில் நாமும் தடுமாறினோம்) அவரை வேற்றூராராக எண்ணவே விடுவதில்லை.

வீட்டில் கேட்ட பேச்சை எழுதி வருமாறு மாணவரைப் பணித்தோம். கடன் கேட்டு வந்த உறவினரிடம் தம் வாப்பா பேசியதை ஒருவர் எழுதி வந்தார். அரைப்பக்கமே, வாப்பாவின் கஞ்சத்தனமும் இருந்தது, கூச்சமும் இருந்தது. அச்சிடலாமா என்றோம். வாப்பா படித்துவிடுவார் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.