முகத்தின் தோலும் ஓர் அமானிதம்



ஷவ்வால் பிறை தென்பட்டதும் நம் ஊர்களில் நிகாஹ் காலம் தொடங்கிவிடும். கடந்த ஆண்டு அத்தகைய நாளொன்றில், என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தியின் தாயார் மத்ரஸாவுக்கு வந்தார். "ஆலிமா, மகளுக்கு நிகாஹ் முடிவாகிவிட்டது. இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. கன்னம் முழுக்கப் பருத் தழும்பு. தோலை லேசாக உரித்து எடுத்தால் புதுத் தோல் வந்துவிடுமாம். இது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

"தழும்பைப் போக்குவது சிகிச்சைதான் லாத்தா, கூடும்" என்றேன். அவர் நிம்மதியுடன் எழுந்து சென்றார். நானும் அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

நிகாஹ் அன்று மணமகளைக் கண்டபோது என் உள்ளம் நொந்தது. தெருமுனையிலுள்ள ஓர் அழகு நிலையத்தில் அமிலம் தடவித் தோலை உரித்திருக்கிறார்கள். தழும்பு அப்படியே இருந்தது. அதன் மேல் கருந்திட்டுகள் படர்ந்திருந்தன. கனத்த ஒப்பனையாலும் அவற்றை மறைக்க இயலவில்லை. அவள் என் காதோரம் சொன்ன செய்தி அதைவிடக் கனமாக இருந்தது. "முகத்தில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் ஆலிமா. அதனால் ஒன்பது நாளாகத் தொழவில்லை."

அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு என்று கருதுகிறேன். நான் சொன்ன தீர்ப்பு தவறன்று. ஆனால் அது பாதி விடை. "கூடுமா, கூடாதா" என்ற ஒரு கேள்வியோடு நம் சமூகம் நின்றுவிடுகிறது. கேட்பவரும் அத்துடன் நிறுத்துகிறார், பதில் சொல்லும் நாங்களும் அத்துடன் நிறுத்துகிறோம். எதற்காக, யாரிடம், பிறகு என்ன என்ற மூன்று கேள்விகளும் மார்க்கத்தின் கேள்விகளே.

மார்க்கம் வகுத்த எல்லை

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதரைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். முகத்தின் தோலை உரிக்கும் பெண்ணையும் உரித்துக்கொள்ளும் பெண்ணையும் கண்டிக்கும் ஓர் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதை ஹதீஸ் கலை அறிஞர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். எனினும், நிறத்தைக் கூட்டுவதற்காகப் பூச்சுகளைத் தேய்த்து மேல்தோலை உரிக்கும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது என்பதை அதற்கான விளக்கங்களிலிருந்து அறிகிறோம்.

மறுபுறம், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இடம்பெறுகிறது. அவர் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் தரவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், குறையை நீக்கும் தேவைக்காக அனுமதி கிடைத்தது. பிரசவத்திற்குப் பிந்தைய நாட்களில் பெண்கள் முகத்தில் தோன்றும் மங்குக்காக வர்ஸ் என்னும் மஞ்சள் நிறச் செடிப்பொடியைப் பூசிவந்ததாக உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். இன்று பேறுகாலத்திற்குப் பின் கன்னத்தில் மங்கு படர்ந்து வருந்தும் நம் சகோதரிகளுக்கு இதில் எத்தனை ஆறுதல்! ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னுல் ஜவ்ஸீ அவர்களும், மங்கை நீக்கும் மருந்துகளில் தவறில்லை என்றே எழுதினார்கள். 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அழகு அறுவை சிகிச்சை பற்றிய தீர்மானத்தில் இதே எல்லையைத்தான் வகுத்தது: உடலையோ உள்ளத்தையோ வருத்தும் குறையைச் சீர்செய்யலாம், நாகரிக மோகத்தால் இயல்பான தோற்றத்தை மாற்றலாகாது.

ஆகவே பருக்குழி, தீக்காயத் தழும்பு, அம்மைத் தழும்பு, மங்கு ஆகியவற்றுக்கான சிகிச்சையைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதை நாடும் பெண்ணை "அல்லாஹ் தந்த முகத்தில் திருப்தி இல்லையா?" என்று குத்திப் பேசுவதும் தகாது.

எதற்காக?

இரண்டாம் கேள்வி நிய்யத்தைப் பற்றியது. தழும்பை ஆற்றுவது வேறு, மாநிறத்தை வெள்ளையாக்குவது வேறு. மாநிறம் நோயன்று, அதற்கு மருந்தும் தேவையில்லை. பெண் பார்க்க வந்த வீட்டார் "நிறம் கொஞ்சம் கம்மி" என்று ஒரு சொல்லை விட்டுச் செல்கிறார்கள். அந்தச் சொல்தான் ஒரு பிள்ளையை அமிலக் குப்பியின் முன் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்று கேட்கிறேன். தோற்றத்தில் எளியவரான ஜுலைபீப் (ரலி) அவர்களுக்காக நபி (ஸல்) அவர்களே முன்வந்து பெண் கேட்டார்கள். பெற்றோர் தயங்கியபோதும் அந்த அன்சாரிப் பெண் மனமுவந்து ஏற்றார். பின்னர் அவர் போரில் ஷஹீதானபோது, தம்மைச் சேர்ந்தவர் என்று அவரை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்தார்கள். இந்த வரலாற்றைப் பயானில் கேட்டுக் கண்ணீர் சிந்தும் நாம், மருமகள் தேடும்போது மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம்?

யாரிடம்?

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா நூல்களில் உள்ளது. தோல் உரிப்பு சிகிச்சைக்கு இது முழுமையாகப் பொருந்தும்.

கெமிக்கல் பீல் என்பது கிளைகோலிக், சாலிசிலிக், டிரைகுளோரோ அசிட்டிக் போன்ற அமிலங்களைக் கொண்டு தோலின் மேலடுக்கைத் திட்டமிட்ட ஆழத்திற்குப் புண்ணாக்கி, புதிய தோல் வளரச் செய்வதாகும். ஃபிராக்ஷனல் லேசர் அதையே ஒளியின் வெப்பத்தால் செய்கிறது. நுண்ணிய புள்ளிகளாகத் தோலைச் சுட்டு, இடையிலுள்ள நல்ல தோலை விட்டுவைப்பதால் காயம் விரைந்து ஆறும். எந்த முறையாயினும் அடிப்படை ஒன்றே. அது கணக்கிட்டு உண்டாக்கப்படும் ஒரு காயம். அமிலத்தின் அடர்த்தியோ, அது முகத்தில் இருக்கும் நேரமோ சற்று மிகுந்தால் காயத்தின் ஆழமும் கணக்கை மீறும்.

நம் போன்ற மாநிற, கருநிறத் தோலுக்கு அபாயம் கூடுதல். காயம் பட்டால் நிறமியை மிகுதியாகச் சுரந்து கருந்திட்டு உண்டாக்குவது நம் தோலின் இயல்பு. அது மறைய மாதக் கணக்காகும். மங்கு உள்ள முகத்தில் லேசர் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் மங்கு முன்னிலும் கறுத்துவிடக்கூடும். எனவே, பட்டம் பெற்ற தோல் மருத்துவரிடமே இச்சிகிச்சையைச் செய்ய வேண்டும். கர்ப்பம், பாலூட்டல், தழும்பு தடித்து வளரும் தன்மை, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வரும் வழக்கம், பருவுக்காக உட்கொள்ளும் மாத்திரை, முகத்தில் ஏற்கெனவே பூசிவரும் களிம்பு ஆகிய அனைத்தையும் அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

காலக்கணக்கையும் அறிந்துகொள்ளுங்கள். மேலோட்டமான பீல் ஆற ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். தோலை நீக்கும் வகை லேசரெனில் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். சிவப்பு அதற்கு மேலும் நீடிக்கும். பருக்குழிகளுக்கோ வார இடைவெளிகளில் பல அமர்வுகள் தேவைப்படும். முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். பதினெட்டு நாளில் புதிய முகம் தருவதாகச் சொல்பவர் மருத்துவம் செய்யவில்லை, வியாபாரம் செய்கிறார்.

பிறகு என்ன?

சிகிச்சையின் பாதி மருத்துவர் கையில், மறுபாதி வீட்டில். இந்த மறுபாதியில்தான் நம் குடும்பங்கள் பெரும்பாலும் தவறுகின்றன.

உரியும் தோலைக் கையால் பிய்க்கக் கூடாது. அது தானாக உதிர வேண்டும். குளிர்ந்த நீராலும் மென்மையான சுத்திகரிப்பானாலும் முகத்தைக் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மருத்துவர் சொன்ன ஈரக் களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ பூசிவர வேண்டும். தோல் தேறியதும் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை, வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பூச வேண்டும். நிகாப் அணிபவர்கள் துணி உராயாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சை, கடலை மாவு, முல்தானி மட்டி, ப்ளீச், த்ரெட்டிங் எல்லாம் தோல் முழுதாக ஆறும்வரை விலக்கப்பட வேண்டும். விருந்தாளிகளின் கைவைத்தியமும் அவ்வாறே! கொப்புளம், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பக்கத்து வீட்டார் தந்த ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். அது முதலில் பளபளப்பைத் தரும். பின்னர் தோலை மெலிவித்து, சிவப்பையும் பருவையும் விட்டுச்செல்லும்.

உம்ரா செல்ல நாள் குறித்தவர்கள் அதற்குச் சில வாரங்களுக்கு முன் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளாதிருப்பதே நலம். மக்காவின் வெயில் புதிய தோலுக்கு உகந்ததன்று. இஹ்ராமில் பெண்கள் நிகாப் அணிய இயலாது. வாசனையுள்ள களிம்புகளுக்கும் தடை உண்டு.

இனி தொழுகை. பயணமொன்றில் ஒருவருக்குத் தலையில் காயம் பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று கேட்டபோது, உடனிருந்தவர்கள் இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றது அவர்களே என்று கடிந்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

தண்ணீர் தீங்கு செய்யுமிடத்தில் மார்க்கம் சலுகை வழங்குகிறது; அதற்காகத் தொழுகையைத் தள்ளுபடி செய்யவில்லை. மேலோட்டமான பீலுக்குப் பின் குளிர்ந்த நீரால் முகம் கழுவ மருத்துவர்கள் பெரும்பாலும் விரைவிலேயே அனுமதிக்கிறார்கள். அப்போது வழக்கமான உளூவே போதும். தேய்க்க வேண்டியதில்லை, நீர் ஓடினால் நிறைவேறிவிடும். நீர் தீங்கு தரும் என மருத்துவர் கூறினால், ஹனஃபீ மத்ஹபில் காயத்தின் மீது ஈரக்கையால் தடவலாம். அதுவும் தீங்கெனில் அவ்விடத்தை விட்டுவிடலாம். ஷாஃபிஈ மத்ஹபில் நலமான பகுதிகளைக் கழுவி, கழுவ இயலாத இடத்திற்காகத் தயம்மும் செய்ய வேண்டும். முகமே காயமாக இருக்கையில் அதில் புழுதி படுவதும் தீங்காகலாம் என்பதால், சிகிச்சைக்கு முன்பே உங்கள் மத்ஹபை நன்கறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோலில் எஞ்சிய எண்ணெய்ப் பசை உளூவைத் தடுக்காது. நீர் தோலைச் சேரவிடாத தடித்த பூச்சு இருந்தால், அதை மென்மையாக நீக்கிவிட்டு உளூச் செய்ய வேண்டும். ஸஜ்தாவில் நெற்றியை அழுத்தாமல், சுத்தமான மெல்லிய விரிப்பின் மீது வையுங்கள்.

அந்த மாணவி விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்துவிட்டாள். தோல் மருத்துவரின் கவனிப்பில் கருந்திட்டுகளும் மெல்ல மங்கி வருகின்றன, அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய கணவர் தழும்பைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லையாம். யாருக்கு அஞ்சி இத்தனை அவசரம் என்று அந்தத் தாயார் இப்போது வருந்துகிறார்.

இப்போதெல்லாம் தாய்மார்கள் "கூடுமா?" என்று கேட்டு வந்தால் நான் உடனே விடை சொல்வதில்லை. அமரச் சொல்லி, எதற்காக, யாரிடம், எத்தனை நாள் இருக்கிறது, எப்படி உளூச் செய்வாள் என்று கேட்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஒருவர் நிகாஹ் முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிவைத்தார். மற்றொருவர் மகளை அழைத்துப் பேசியபின், "அவளுக்கு அதில் விருப்பமே இல்லை ஆலிமா, எனக்குத்தான் இருந்தது" என்றார்.

நம் உருவங்களை அழகுறப் படைத்த அல்லாஹ், நம் உள்ளங்களையும் அழகாக்குவானாக. நோயுற்ற தோல்களுக்கு ஷிஃபாவையும், பிறர் தோலை எடைபோடும் கண்களுக்கு வெட்கத்தையும் தருவானாக. ஆமீன்.